குதித்தவரும் கைதட்டியவரும்

விளையாட்டு ரசிகர்கள் என்று ஒரு கூட்டம் உலகம் முழுவதும் இருக்கிறது. சண்டை போடுவதுதான் இவர்களுடைய முக்கியமான தொழில். கல்கத்தாவில் மோகன் பகான் கட்சி, ஈஸ்ட் பெங்கால் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நின்று தொண்டை வறளக் கூச்சலிடுவார்கள். நடுவர் ஊதிய ஊதல் சரியா, தவறா என்று ஒரு வாரம் வாதாடுவார்கள். நேற்று தலையில் வைத்துக் கூத்தாடிய ஆட்டக்காரரை இன்று தரையில் போட்டு மிதிப்பார்கள். இவர்கள் எல்லாரும் ஒரே கட்சியாகி, ஒரே குரலில் ஒருவரைப் பாராட்டுவது மிகவும் அபூர்வம்.

அந்த அபூர்வம் 2022-ஆம் வருஷம் ஜூன் மாதம் 22-ந் தேதி நிகழ்ந்தது. அன்று பாராட்டுப் பெற்றவர் கோல் போட்டவர் அல்லர். ஓட்டப் பந்தயத்தில் ஜயித்தவரும் அல்லர். அரைக்கால் நிஜாரும் பனியனுமாகக் குளக்கரையில் நின்றுகொண்டிருந்த ஒரு பயிற்சியாளர் அவர்.

புடாபெஸ்டில் நடந்தது

ஹங்கேரி தேசத்தின் தலைநகரமான புடாபெஸ்டில் அந்த வருஷம் உலக நீச்சல் பந்தயங்கள் நடந்தன. அவற்றில் நீர் நடனம் என்று சொல்லத்தக்க பகுதி ஒன்று உண்டு. சங்கீதத்தின் தாளத்துக்கு இசையத் தண்ணீரிலே தலைகீழாக நின்றும், சுழன்றும், மூழ்கியும், எழுந்தும் ஆட வேண்டும். குளத்தின் தரையில் கால் ஊன்றக்கூடாது என்பது விதி. பார்க்கிறவர்களுக்கு அன்னம் மிதப்பதுபோல் இருக்கும். ஆடுகிறவர்களுக்கோ ஓடிக் களைத்தவன் மூச்சையும் அடக்கிக்கொள்வது போன்ற கஷ்டம். முகத்தில் மட்டும் புன்னகை மாறக்கூடாது!

அன்று தனி ஆட்டத்தின் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் சார்பில் ஆடியவர் அனிதா ஆல்வாரெஸ் என்ற இருபத்தைந்து வயதுப் பெண். ஆட்டம் முடிந்தது. ஆட்டம் முடிந்தவுடன் எந்த நீச்சல்காரரும் செய்கிற முதல் காரியம், தலையை வெளியே நீட்டி ஆவலோடு மூச்சு வாங்குவதுதான். ஆனால் அனிதா மேலே வரவில்லை. கீழே போனார். நினைவு தப்பி, குளத்தின் அடித்தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்.

கரையில் நின்றவர் ஆண்ட்ரியா புவெண்டெஸ் அம்மாள். ஸ்பெயின் தேசத்தவர், அந்த நாட்டின் சார்பில் ஒலிம்பிக் பந்தயங்களில் நான்கு பதக்கங்கள் பெற்றவர், அப்போது அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளர். உயிர்காப்பாளர்களை நோக்கிக் கத்தினார். அவர்கள் அசையவில்லை. உடனே உடுத்திய உடையோடு குளத்தில் பாய்ந்தார். அடித்தரை வரையில் சென்று, தம் மாணவியைக் கையால் சுற்றி அணைத்துக்கொண்டு மேலே வந்தார். இன்னொருவரும் நீரில் குதித்துக் கைகொடுத்தார். கரையில் கிடத்திச் சிகிச்சை செய்தார்கள். அனிதாவுக்கு மூச்சு வந்தது, நினைவு திரும்பியது. அந்தப் போட்டியில் அவருக்கு ஏழாவது இடம். அன்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

நீருக்கடியில் வைத்திருந்த காமிரா ஒன்று இந்தக் காட்சியைப் படம் பிடித்துவிட்டது. கைகள் தளர்ந்து தொங்க, கண் திறந்தபடி இறங்கும் சிஷ்யை. மேலிருந்து அம்புபோல் வரும் குரு. அந்தப் படம் சில மணி நேரத்தில் உலகைச் சுற்றி வந்தது. எங்கள் திருவண்ணாமலைக்கும் வந்து சேர்ந்தது.

ரசிகர்களின் தீர்ப்பு

முதல் நாள் எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டாம் நாள் ரசிகர்கள் தங்கள் சுபாவத்துக்குத் திரும்பினார்கள்.

ஒரு கட்சியார், உயிர்காப்பாளர்களைத் தூற்றினார்கள். "சம்பளம் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கத்தானா இவர்கள்?" என்று கேட்டார்கள். நடுவர்கள் சைகை காட்டிய பிறகே உயிர்காப்பாளர்கள் நீரில் இறங்கலாம் என்பது போட்டியின் விதி என்றும், சைகை வரவில்லை என்றும் வைத்தியக் குழுவின் தலைவர் சமாதானம் சொன்னார். இந்த விதியில் அர்த்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நீருக்குள் நெடுநேரம் இருப்பதே இந்த ஆட்டத்தின் சிறப்பு. ஆட்டத்தின் நடுவே தவறாக யாராவது குதித்துவிட்டால் ஆடுகிறவரின் பல வருஷ உழைப்பு வீணாகிவிடும். ஆனால் விதி போட்டவர்கள், சைகை காட்ட வேண்டியவரும் கவனிக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதை யோசிக்க மறந்துவிட்டார்கள்.

இன்னொரு கட்சியார், பயிற்சியாளரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். முந்தின வருஷம், 2021-இல், பார்சிலோனாவில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியிலும் அனிதா இதே போல் நினைவிழந்தார். அப்போதும் குதித்துக் காப்பாற்றியவர் ஆண்ட்ரியா அம்மாள்தான். "இரண்டு தடவை மயக்கம் போட்டு விழுகிற அளவுக்கு ஒரு பெண்ணை வருத்தலாமா?" என்பது இவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். நெடுந்தூர ஓட்டக்காரரும் சைக்கிள் பந்தயக்காரரும்கூட எல்லைக்கோட்டுக்கு அருகே மயங்கி விழுவதுண்டு என்று அம்மாள் பதில் சொன்னார். அதுவும் உண்மைதான். ஆனால் தரையில் விழுந்தவனுக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை. நீரில் விழுந்தவர் விஷயம் அப்படியல்ல.

இரண்டு நாள் கழித்து நடந்த குழுப் போட்டியில் ஆட அனிதா விரும்பினார். அப்போது பினா என்று வழங்கிய சர்வதேச நீச்சல் சங்கத்தார் அனுமதி மறுத்துவிட்டார்கள். ரசிகர்களில் பாதிப் பேருக்கு இது வருத்தம். பாதிப் பேருக்கு ஆறுதல்.

பாய்ச்சலுக்கு முன்னால்

இவ்வளவு பேரும் பேசியது அந்தப் பாய்ச்சலைப் பற்றித்தான். ஆனால் அனிதாவைக் காப்பாற்றிய காரியம் பாய்ச்சலுக்கு முன்னாலேயே ஆரம்பமாகிவிட்டது என்பது என் எண்ணம்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அனிதாவின் பாதங்கள் வழக்கத்தைவிட வெளுத்திருந்ததைத் தாம் கவனித்ததாக ஆண்ட்ரியா அம்மாள் பின்னால் சொன்னார். ரத்த ஓட்டம் சரியாக இல்லை என்ற சந்தேகம் அப்போதே அவர் மனத்தில் எழுந்தது. அத்தனை பேரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள். நடுவர்கள் அபிநயத்துக்கு மார்க்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உயிர்காப்பாளர்கள் நடுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்குத்தான் "மேலே வரவேண்டியவள் கீழே போகிறாள்" என்பது ஒரு கணத்தில் தெரிந்தது.

மரத்தில் என்ன தெரிகிறது என்று துரோணர் சிஷ்யர்களைக் கேட்ட கதை நமக்குத் தெரியும். "பறவையின் கண் மட்டுமே தெரிகிறது" என்று அர்ஜுனன் சொன்னான். அது சிஷ்யனுக்கு வைத்த பரீட்சை. புடாபெஸ்டில் நடந்தது குருவுக்கு வைத்த பரீட்சை. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. வகுப்பில் நாற்பது பேர் இருக்கையில், எந்தப் பையனுடைய முகம் இன்றைக்கு வெளுத்திருக்கிறது என்பதைக் காண்பது பாடத்தை நடத்துவதைவிடக் கடினமான வேலை.

சப்தமில்லாத அபாயம்

இப்படி ஒரு கண் வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. நீரில் மூழ்குகிறவன் "ஐயோ, காப்பாற்றுங்கள்!" என்று கத்துவான், கையை வீசுவான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சினிமாக்களும் நாவல்களும் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. வாஸ்தவம் வேறு. அமெரிக்காவில் கடற்கரை உயிர்காப்பாளராகப் பல வருஷம் வேலை பார்த்த பிராங்க் பியா என்பவர், மூழ்குகிறவர்களைச் சலனப் படம் எடுத்து ஆராய்ந்தார். மூழ்குகிறவரால் கத்த முடியாது என்று கண்டார். மூச்சு விடவே நேரமில்லாதபோது கூச்சலிடுவது எங்கே? கைகளும் தாமாகவே பக்கவாட்டில் நீரை அமுக்கப் பார்க்குமே தவிர, மேலே எழும்பி வீசா. இந்த நிலைமை நீடிப்பது 20 விநாடி முதல் 60 விநாடி வரையில்தான். பக்கத்தில் குளித்துக்கொண்டிருப்பவர்கள், பையன் விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே காரியம் முடிந்துவிடுகிறது.

மூச்சை அடக்குகிறவர் விஷயம் இன்னும் விபரீதம். மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது பிராணவாயுவின் குறைவு அன்று. உடம்பில் கரியமில வாயு பெருகுவதுதான். சிரமப்பட்டு உழைத்துக்கொண்டே மூச்சை அடக்கினால், தவிப்பு முற்றுவதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்து, விளக்கு அணைவதுபோல் நினைவு போய்விடக்கூடும். கிணற்றிலும் குளத்திலும் "யார் அதிக நேரம் முங்குவது?" என்று பந்தயம் போடும் பையன்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

கொட்டரை அணையில் மூன்று பெண்கள்

இதெல்லாம் எங்கோ ஐரோப்பாவில் நடந்த சங்கதி என்று நேயர்கள் நினைக்கவேண்டாம். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2020 ஆகஸ்டு மாதத்தில், நம் பெரம்பலூர் மாவட்டத்திலேயே இதற்குக் குறையாத ஒரு சம்பவம் நடந்தது.

மருதையாற்றின் குறுக்கே கொட்டரையில் ஓர் அணை இருக்கிறது. மழை பெய்து தண்ணீர் பெருகியிருந்த சமயம். கிரிக்கெட் ஆட வந்த வாலிபர்கள் சிலர், ஆட்டம் முடிந்து குளிக்க வந்தார்கள். அங்கே துணி துவைத்துக் குளித்துவிட்டுப் புறப்படத் தயாராக இருந்த ஆதனூர்ப் பெண்கள், ஆழம் அதிகம் என்று அவர்களை எச்சரித்தார்கள். இளங்காளைகள் பெரியவர்கள் சொல்லை எங்கே கேட்கின்றன! சற்று நேரத்தில் நான்கு பேர் ஆழத்தில் சிக்கிக்கொண்டார்கள்.

செந்தமிழ்ச்செல்வி, சுந்தரபாள், முத்தம்மாள் என்ற மூன்று பெண்மணிகளும் ஒரு கணமும் தயங்கவில்லை. உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து, முடிச்சிட்டு, நீரில் வீசினார்கள். இரண்டு வாலிபர்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு கரையேறினார்கள். மற்ற இருவரை எட்ட முடியவில்லை, அவர்கள் மாண்டுபோனார்கள். அந்த இருவரையும் காப்பாற்ற முடியவில்லையே என்பதுதான் அந்தப் பெண்களுடைய பேச்சாக இருந்தது. அந்த வருஷம் சுதந்திர தினத்தன்று தமிழ்நாட்டு அரசாங்கத்தார் மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது அளித்துக் கௌரவித்தார்கள்.

திரௌபதிக்குச் சேலை கொடுத்து மானத்தைக் காத்தான் கண்ணன். சேலையைக் கொடுத்து உயிரைக் காத்தார்கள் இந்தக் கிராமத்துப் பெண்கள். இதில் வீரம் மட்டுமல்ல, விவேகமும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ரியா அம்மாள் ஒலிம்பிக் வீராங்கனை; அவர் குதிக்கலாம். நீச்சல் நன்றாகத் தெரியாதவர் குதித்தால், மூழ்குகிறவர் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொள்வார். ஒன்றுக்கு இரண்டாய்ப் போகும். ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் அண்ணன், அக்காள், தாய் என்று வரிசையாக மாண்ட செய்திகளை நம் பத்திரிகைகளில் கோடைதோறும் படிக்கிறோம். உயிர்காக்கும் சாஸ்திரம் வல்ல நிபுணர்கள் சொல்லும் முறை இதுதான்: முதலில் கூவி ஆள் சேர், கழியோ கொம்போ நீட்டு, கயிறோ, துணியோ, காலிக் குடமோ எறி, வேறு வழியே இல்லையென்றால், பழகியவர்கள் மட்டும் இறங்குங்கள். இதைப் புத்தகத்தில் படித்து அறியாத மூன்று பெண்கள், தங்கள் புத்தியாலேயே அறிந்து செய்தார்கள்.

அவ்வூர்க் குளமும் நம்மூர்க் கிணறும்

புடாபெஸ்டில் இந்தச் சம்பவம் நடந்த நீச்சல் நிலையத்துக்கு ஆல்பிரட் ஹாயோஷ் என்பவருடைய பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் பழைய மண்டபத்தை வரைபடம் போட்டு 1930-இல் எழுப்பியவரும் அவரே. அவர் கதை கேட்கத் தக்கது. அவருக்குப் பதின்மூன்று வயதாக இருக்கையில் தகப்பனார் டான்யூப் நதியில் மூழ்கி இறந்தார். அந்தத் துக்கத்தில் பையன் தண்ணீரைக் கண்டு ஓடவில்லை, நீச்சல் கற்றான். 1896-இல் ஆதென்ஸ் நகரில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கில், குளிர்ந்த கடலில் நீந்தி இரண்டு பந்தயங்களில் முதலாவதாக வந்தான். பிறகு அதே ஹாயோஷ் ஹங்கேரியின் கால்பந்து அணியிலும் ஆடினார். அதற்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். தந்தையைப் பறிகொடுத்த ஒரு பிள்ளையின் நினைவாக ஒரு தேசம் நீந்தக் கற்கும் மண்டபம் நிற்கிறது.

அதே 1896-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதியன்று, கால்பந்தாட்டத்திலும் நீச்சலிலும் பிரியமுள்ள பதினாறு வயதுப் பிள்ளை ஒருவர் மதுரையை விட்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். அவரைத்தான் பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் கொண்டாடியது. அவருடைய ஞானத்தைப் பற்றிப் பேச நான் தகுதியுடையவன் அல்லன். அந்தக் காலத்தில் ஒரு சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பந்தாட்டத்தைப் போலவே நீச்சலும் இயல்பாக இருந்தது என்பதை மட்டும் சொல்ல வந்தேன்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களிலும் அப்படித்தான் இருந்தது. கமலை இறைத்த பெருங்கிணறுகள் இருந்தன. மாமன் இடுப்பிலே கயிறு கட்டி, முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, மேட்டிலிருந்து தள்ளிவிடுவார். நாலு நாள் தண்ணீர் குடித்தால் ஐந்தாம் நாள் நீச்சல் வந்துவிடும். இன்று கிணறுகளுக்குப் பதில் ஆழ்துளைக் குழாய்கள் வந்துவிட்டன. மாமன்மார் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் தண்ணீர் மட்டும் போகவில்லை. ஐயங்குளம் இருக்கிறது, தென்பெண்ணையில் சாத்தனூர் அணை இருக்கிறது, மழைக்காலத்தில் ஏரிகள் நிரம்புகின்றன, மணல் வாரிய பள்ளங்கள் ஆற்றிலே மறைந்து கிடக்கின்றன. நீச்சல் போய், நீர் மட்டும் நிற்கிறது. அபாயம் அங்கேதான் இருக்கிறது.

புடாபெஸ்டுப் படத்தைப் பற்றி, பள்ளி மைதானத்தில் பந்தாடும் பையன்கள் காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். "அந்த அம்மாவுக்குத்தான் சார் தங்கப் பதக்கம் கொடுத்திருக்கணும்" என்றான் ஒருவன். "நானாயிருந்தா விதியாவது மண்ணாவது, உடனே குதிச்சிருப்பேன்" என்றான் கோல் காப்பவன்.

"உனக்கு நீந்தத் தெரியுமா, தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியாது, சார்" என்றான்.

தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பதினோரு பேரில் மூன்று கைகள் எழும்பின. சற்றுமுன் கைதட்டிய கைகள் இருபத்திரண்டு.

செய்யத்தக்கது

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 2021-இல் மட்டும் உலகில் சுமார் 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர தேசங்களைச் சேர்ந்தவர்கள். நம் தேசத்தில் அண்மைக் காலத்தில் வருஷந்தோறும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இவ்வாறு மாள்வதாகச் சர்க்கார் புள்ளி விவரம் சொல்லுகிறது. யுத்தத்தில் இத்தனை பேர் மாண்டால் தேசமே கொந்தளிக்கும். ஒவ்வொரு குளத்திலும் ஒவ்வொருவராகப் போவதால் நாம் பேசாமல் இருக்கிறோம்.

பணமில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. நம் அயலாரான வங்காள தேசத்தார் பளிங்குக் குளங்கள் கட்டவில்லை. கிராமத்துக் குட்டையிலேயே மூங்கிலால் மேடையும் தடுப்பும் அமைத்து, குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார்கள். 25 மீட்டர் நீந்தவேண்டும். அரை நிமிஷம் மிதக்கவேண்டும். கரையில் நின்றபடியே பிறருக்கு உதவத் தெரியவேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. இதனால் பல உயிர்கள் பிழைத்தன என்பது ஆராய்ச்சியில் நிரூபணமாகியிருக்கிறது. இந்திய அரசாங்கமும் 2023 டிசம்பரில் நீரில் மூழ்குவதைத் தடுக்கும் திட்டக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. குறிப்பு காகிதத்தில் இருந்தால் போதாது, குளத்துக்கு வரவேண்டும்.

ஒவ்வோர் ஊரிலும் உள்ள பந்தாட்டச் சங்கங்களும் கிரிக்கெட் கோஷ்டிகளும் இந்தக் காரியத்தை மேற்கொள்ளலாம். கோடை விடுமுறையில் தேர்ந்த நீச்சல்காரர் ஒருவர், இடுப்பளவு நீர், ஒரு கயிறு, சில காலிக் குடங்கள் இருந்தால் போதும். பெண் குழந்தைகளையும் விட்டுவிடக்கூடாது. ஏரிக்கரையில் நீண்ட மூங்கிற்கழி ஒன்றும் கயிறு ஒன்றும் எப்போதும் இருக்கும்படி ஊரார் செய்யலாம். கரையேற்றியவரை வயிற்றில் அமுக்குவது, காலைப் பிடித்துச் சுழற்றுவது முதலிய பழைய வைத்தியங்களை விட்டுவிட்டு, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதவும், மார்பை அமுக்கி இருதயத்தை இயக்கவும் கற்றுக்கொள்ளவேண்டும். யாராவது ஒருவர் உடனே 108-க்குச் சொல்லி அனுப்பவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் நீரில் இறங்கும்போது பெரியவர் ஒருவர் கரையில் நிற்கவேண்டும். கையில் உள்ள தொலைபேசியைப் பாராமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

புடாபெஸ்டு சம்பவத்துக்கு இரண்டு வருஷம் கழித்து, 2024 ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க நீர் நடன அணி வெள்ளிப் பதக்கம் பெற்றது. குழு ஆட்டத்தில் அந்த தேசத்துக்கு இருபது வருஷங்களுக்குப் பிறகு கிடைத்த பதக்கம் அது. ஆடியவர்களில் அனிதா ஆல்வாரெஸும் ஒருவர். பயிற்சி அளித்தவர் ஆண்ட்ரியா அம்மாள். அன்று குளத்தின் அடித்தரையில் முடிந்துபோயிருக்க வேண்டிய ஒரு வாழ்வு, மேடையில் நின்று மாலை சூடிக்கொண்டது.

நம் ஏரிகளிலும் அணைகளிலும் வருஷந்தோறும் முடிந்துபோகிற வாழ்வுகளில் எத்தனை ஹாயோஷ்கள், எத்தனை அனிதாக்கள் இருந்தார்களோ! அவர்களில் சிலரையாவது மேடை ஏறச் செய்வது நம் கையில்தான் இருக்கிறது. வருகிற கோடை விடுமுறைக்குள் தம் வீட்டுக் குழந்தை ஒன்றுக்கு நீச்சல் கற்பிக்க ஒவ்வொரு நேயரும் ஏற்பாடு செய்வாரானால், புடாபெஸ்டில் குதித்த அந்த அம்மாளுக்கு நாம் தட்டிய கை வீண்போகாது.